ஸ்பிட்ஃபயர் மாடலில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பிளாஸ்டிக் விமான மாடல் கட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. பிழை நடக்கிற நேரத்தில் தெரியாது, இரண்டு மூன்று கட்டம் தாண்டிய பிறகுதான் தலைகாட்டும். டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னம்) ஒட்டியதும் தெரிகிற வெள்ளி மினுமினுப்பு, அதற்கு முன் அடித்த பெயிண்டின் சொரசொரப்பில் தொடங்கியது. இறக்கைக்கும் உடலுக்கும் நடுவில் தெரிகிற இடைவெளி, காக்பிட்டை (விமானி உட்காரும் அறை) உள்ளே வைத்த அன்றே முடிவாகிவிட்டது. ஆகவே கண்ணில் பட்ட இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தால் பலன் இல்லை. ஒரு கட்டம் பின்னால் போய்த் தேட வேண்டும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் அது எங்கே தொடங்கியது, இப்போது என்ன செய்யலாம், அடுத்த முறை எங்கே கவனிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக 1940 கோடையில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1-ஐ வைத்துக்கொள்வோம். 1/72, 1/48 இரண்டு அளவிலும் நல்ல கிட்டுகள் கிடைக்கின்றன. 1/72 (நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) என்றால் இறக்கையின் முழு அகலம் சுமார் 156 மில்லிமீட்டர், 1/48 என்றால் 234. ஹரிக்கேன், மெஸ்ஸர்ஷ்மிட் 109 கட்டுகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பெயிண்ட் சில இடங்களில் பிடிக்காமல் ஒதுங்குகிறது

சின்னச் சின்ன வட்டங்களாகப் பெயிண்ட் விலகி, உள்ளே பிளாஸ்டிக் தெரியும். காரணம் எண்ணெய்ப் பசை. அச்சிலிருந்து பாகங்கள் எளிதாகக் கழல்வதற்காகப் பூசுகிற பொருள் ஸ்ப்ரூவிலேயே (பாகங்கள் பிணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டம்) தங்கியிருக்கலாம், இல்லாவிட்டால் நம் விரல் வியர்வை. கட்டத் தொடங்குவதற்கு முன்பே ஸ்ப்ரூவை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். கட்டி முடித்துவிட்டீர்கள் என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு ப்ரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். ஏற்கெனவே அடித்த டாமியா கம்பெனியின் அக்ரிலிக் பெயிண்டில் இது வந்திருந்தால், அதே ஆல்கஹால் அந்தப் பெயிண்டையும் கரைத்து எடுத்துவிடும். அந்தப் பகுதியை மட்டும் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி

ஸ்பிட்ஃபயர் கட்டுகிற எல்லோரும் இந்த இடத்தில் ஒரு முறையாவது பெருமூச்சு விடுவார்கள். ரெஜினால்ட் மிட்செல் குழுவினர் வடிவமைத்த அந்த மெல்லிய நீள்வட்ட இறக்கை, உடலோடு சேருமிடத்தில் ஒரு பெரிய வளைவாக விரிந்து போகும். நிஜ விமானத்தின் அழகே அதுதான். மாடலில் அந்த வளைவின் விளிம்பில்தான் பாகங்கள் சேர்கின்றன. அங்கே பட்டி வைத்துத் தேய்த்தால் வளைவும் சேர்ந்து தேய்ந்துபோகும். அதனால் இங்கே பட்டியைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடைவெளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

மேலே, இறக்கை வேரின் நீளம் முழுக்க ஒரே சீராக இருந்தால், உடல் போதிய அகலம் இல்லாமல் உள்ளே ஒடுங்கியிருக்கிறது என்று பொருள். உடலின் இரு பாதிகளையும் டேப் போட்டு இறுக்கி ஒட்டும்போது இப்படி ஆகும். அடிப்பக்கம் இறக்கை வரும் திறப்பு வழியாக, ஸ்ப்ரூ துண்டு ஒன்றைச் சரியான நீளத்துக்கு வெட்டிக் குறுக்கே முட்டுக்கொடுங்கள். பக்கங்கள் ஒரு மயிரிழை வெளியே தள்ளப்பட்டாலே இடைவெளி மூடிவிடும். இறக்கையை உடலோடு ஒட்டுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

இடைவெளி ஒரு பக்கம் மட்டும் இருந்தால், காக்பிட் சற்றுக் கோணலாக உட்கார்ந்திருக்கிறது அல்லது இறக்கையின் சாய்வு இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. ஸ்பிட்ஃபயரின் இறக்கை வேரிலிருந்து நுனி வரை 6 டிகிரி மேல்நோக்கிச் சாயும். பெரும்பாலான கிட்டுகளில் கீழ் இறக்கை ஒரே துண்டாக வருவதால், அந்தச் சாய்வை அதுவே தீர்மானிக்கிறது. மேசை மேல் மாடலை நேராக நிறுத்தி, இரு நுனிகளுக்கும் மேசையிலிருந்து உள்ள உயரத்தை அளவுகோலால் பாருங்கள். உயரம் ஒன்றாக இல்லை என்றால், பசை காய்வதற்குள் நுனியிலிருந்து நுனிக்கு உடலின் மேலாக மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டி நிறுத்துங்கள். டேப்பின் இழுவை சாய்வைச் சரியாக்கும், மேல் இடைவெளியையும் மூடும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

இடைவெளி எங்கும் பரவலாக, உடலின் பாதிகளே சேர மறுத்தால், உள்ளே எதுவோ முட்டுகிறது. பெரும்பாலும் அது காக்பிட்டின் பின்சுவர் அல்லது கருவிப் பலகை. இன்னொரு காரணம் நமக்குத் தோன்றவே தோன்றாது. காக்பிட் உட்புறத்துக்குச் சாம்பல் பச்சை அடித்தபோது ஒட்டும் விளிம்புகளிலும் பெயிண்ட் படிந்திருக்கும். இன்றைய புதிய அச்சுக் கிட்டுகளில் பாகங்கள் அவ்வளவு இறுக்கமாகப் பொருந்துவதால், அந்த ஒரு பூச்சின் கனமே தள்ளிக்கொண்டு நிற்கும். போதாததற்கு, பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிற பசை பெயிண்ட் மேல் ஒட்டாது. கத்தி முனையால் விளிம்பைச் சுரண்டிவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு மெல்லிய கோடு மிஞ்சினால், நீரில் கரையும் அக்ரிலிக் பட்டி அல்லது வெள்ளை ஃபெவிகாலைக் கோட்டில் தடவி, ஈரமான காட்டன் பட்டால் வழித்துவிடுங்கள். தேய்க்கும் வேலையே இல்லை, வளைவும் அப்படியே இருக்கும். பின்பக்கம், கீழ் இறக்கை உடலின் வயிற்றோடு சேரும் இடத்தில் ஒரு படிக்கட்டு போல உயரம் தெரிந்தால் மட்டும் தேய்க்கத்தான் வேண்டும்.

பெயிண்ட் அடித்த பிறகு முதுகில் ஒட்டின கோடு தெரிகிறது

தேய்க்கும்போது மறைந்திருந்த கோடு, பெயிண்ட் பட்டதும் முதுகுத்தண்டு போல எழுந்து நிற்கும். சில சமயம் அடித்த அன்று நன்றாக இருந்து, இரண்டு வாரம் கழித்து மெல்லிய பள்ளமாக வெளிவரும். இது அவசரத்தால் வருவது. பசை பிளாஸ்டிக்கை மென்மையாக்கி, கரைப்பான் ஆவியானதும் சுருங்குகிறது. அது முழுதாகச் சுருங்குவதற்கு முன் தேய்த்துச் சமப்படுத்தினால், மிச்சச் சுருக்கம் நம் பெயிண்டுக்குக் கீழே நடக்கும். டாமியாவின் சிறு குழாயில் வரும் பட்டியிலும் இதே கதை. கனமாக அப்பினால் மேலே காய்ந்து, உள்ளே வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும்.

பாதிகளை ஒட்டும்போது, மெல்லிய பசையை இடுக்கில் ஓடவிட்டு ஒரு நிமிடம் பொறுத்து அழுத்துங்கள். உருகின பிளாஸ்டிக் கோட்டின் நெடுகச் சிறு மணியாகப் பிதுங்கி வர வேண்டும். அந்த மணியே நமக்குப் பட்டி. குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் தொடாதீர்கள். அப்புறம் 400, 600, 1000 என்ற வரிசையில் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக்கொண்டு வாருங்கள்.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்துவிட்டீர்கள் என்றால், கோட்டின் மேல் உடனடிப் பசையை (நம் கடைகளில் ஃபெவிக்விக் என்று கேட்டால் தருவது) மெல்லியதாக ஓடவிட்டு, சில மணி நேரத்துக்குள் தேய்த்துவிடலாம். அது சுருங்காது. ஆனால் நாள் கடந்தால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், தேய்த்தால் அது நிற்கும், பக்கத்துப் பிளாஸ்டிக் தேயும். கொஞ்சம் டால்கம் பவுடரைக் கலந்துகொண்டால் தேய்க்க மென்மையாக இருக்கும்.

கோடு போய்விட்டதா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். மிஸ்டர் சர்ஃபேசர் 1000 மாதிரி ஒரு சாம்பல் ப்ரைமரை அந்த இடத்தில் மட்டும் அடித்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் பளபளப்பில் மறைவதெல்லாம் சாம்பலில் தெரிந்துவிடும். தேய்த்ததில் பேனல் கோடுகள் (விமானத்தின் தகடுகள் சேருமிடத்தைக் காட்டும் மெல்லிய பள்ளங்கள்) அழிந்திருந்தால், எழுத்து அச்சிடும் தடித்த டைமோ டேப்பை ஒட்டி, அதை அளவுகோலாக வைத்து ஸ்கிரைபரால் இலேசாகப் பலமுறை கீறுங்கள். அழுத்தி ஒரே கீறலாகக் கீறினால் வழுக்கிக்கொண்டு போகும்.

பசை சிந்தி விரல் ரேகை பதிந்துவிட்டது

கை வைக்காமல் விட்டுவிடுவதுதான் மருந்து. துடைத்தால் ஒரு ரேகை நாலு ரேகையாகும். மூன்று நாள் கழித்து, நன்றாக இறுகிய பிறகு, 600 பேப்பரில் தொடங்கித் தேய்த்து எடுங்கள்.

கனோபி (காக்பிட்டின் கண்ணாடி மூடி) பனி மூடியது போல வெளுத்துவிட்டது

உடனடிப் பசையின் ஆவி கண்ணாடிப் பாகத்தில் படிந்தால் வெள்ளைத் திரையாகும். கனோபியை அந்தப் பசையால் ஒட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. காக்பிட்டுக்குள் வேறு எதையோ அதால் ஒட்டிவிட்டு, ஆவி வெளியேறும் முன் கனோபியை மூடினாலும் இதே கதிதான்.

வெளுப்பு வெளிப்பக்கம் என்றால் மிக மெல்லிய 3000 பேப்பர் அல்லது பாலிஷிங் துணி, அதற்கு மேல் பாலிஷ் பேஸ்ட் என்று போனால் தெளிவு திரும்பும். உள்பக்கம் என்றால் கழற்றத்தான் வேண்டும். கழற்றிய கனோபியைத் தெளிவான அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷில் முக்கி எடுத்து, அடியில் டிஷ்யூ பேப்பரால் மிச்சத்தை உறிஞ்சி, ஒரு டப்பாவால் மூடிக் காயவைத்தால் இலேசான வெளுப்பும் கீறலும் மறைந்துவிடும். அந்தப் பூச்சு பின்னால் பசை ஆவியிலிருந்தும் காக்கும். அதனால் கோளாறு வருவதற்கு முன்பே எல்லாக் கண்ணாடிப் பாகங்களையும் முக்கி வைத்துவிடுவதே என் கட்சி.

ஒட்டுவதற்கு வெள்ளை ஃபெவிகால் அல்லது கனோபிக்கென்றே விற்கும் பசை போதும். அது வெள்ளையாகத் தெரிந்தாலும் காய்ந்ததும் தெளிந்துவிடும்.

சட்டங்களுக்குப் பெயிண்ட் அடித்து டேப்பை எடுத்ததும் கண்ணாடிக்குள் நிறம் ஊர்ந்திருந்தால், டேப்பின் விளிம்பு சரியாக அமரவில்லை என்று பொருள். டூத்பிக்கை ஆல்கஹாலில் நனைத்து, முனையால் அந்தப் பிசிறை மட்டும் தள்ளி எடுக்கலாம். அடுத்த முறை டேப் ஒட்டியதும் முதல் பூச்சாகக் காக்பிட்டின் சாம்பல் பச்சையை அடியுங்கள். ஊர்ந்தாலும் அந்த நிறமே ஊர்ந்து இடுக்கை அடைத்துவிடும், உள்ளேயிருந்து பார்த்தால் சட்டமும் சரியான நிறத்தில் தெரியும்.

பெயிண்டின் மேற்பரப்பு சரியில்லை

இதில் ஐந்தாறு வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, ஆகவே விரலால் தடவி, விளக்கைச் சாய்த்துப் பார்த்து, எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

மணல் தூவினது போல நறநற என்றிருந்தால், பெயிண்ட் துளி பிளாஸ்டிக்கைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்துவிட்டது. ஏர்பிரஷை (காற்றழுத்தத்தால் பெயிண்ட் தூவும் கருவி) தூரத்தில் பிடிப்பது, காற்றழுத்தம் அதிகம், அல்லது வெறும் வெயில். மே மாத மதியத்தில் மொட்டை மாடியில் அடித்தால் வேறு எதை எதிர்பார்ப்பது? 8 முதல் 10 சென்டிமீட்டருக்கு நெருங்கி வாருங்கள், அழுத்தத்தை 15 முதல் 20 பி.எஸ்.ஐ.க்குள் வையுங்கள், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில துளி சேருங்கள். அதிகாலை நேரம் நல்லது. ஏற்கெனவே நறநறத்த பரப்பை 2000 பேப்பரில் தண்ணீர் தொட்டு இலேசாகத் தேய்த்து, மேலே ஒரு ஈரமான பூச்சு கொடுத்தால் சரியாகிவிடும்.

ஆரஞ்சுத் தோல் போலச் சின்னப் பள்ளங்கள் என்றால் பெயிண்ட் கெட்டியாக இருக்கிறது. டாமியா அக்ரிலிக்குக்கு ஒரு பங்கு பெயிண்டுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு அதன் தின்னர் என்று தொடங்கலாம். பழைய இறக்கைத் துண்டிலோ பிளாஸ்டிக் ஸ்பூனிலோ அடித்துப் பார்த்த பிறகே மாடலுக்கு வாருங்கள்.

பெயிண்ட் சிலந்திக் கால்களாக ஓடினால் அது நேர்மாறு. நீர்த்துவிட்டது, அல்லது மிக நெருக்கத்தில் அதிகம் விடுகிறீர்கள்.

ஏர்பிரஷின் கிண்ணத்துக்குள் குமிழி கொப்பளித்தால் பெயிண்டைக் குறை சொல்லாதீர்கள். காற்று பின்னோக்கி வருகிறது. நாசில் மூடி தளர்ந்திருக்கும், அல்லது நாசிலின் நுனி விரிசல் விட்டிருக்கும். பெயிண்ட் விட்டு விட்டுத் துப்பினால் ஊசியின் நுனியில் பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருக்கிறது. தின்னர் நனைத்த பிரஷால் நுனியை ஒற்றி எடுங்கள், அக்ரிலிக் என்றால் சில நிமிடத்துக்கு ஒரு தடவை இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

கிண்ணத்திலேயே பெயிண்ட் தயிர் போலத் திரிந்தால் தின்னர் மாறிப்போயிருக்கிறது. எல்லா அக்ரிலிக்கும் ஒரே ஜாதி இல்லை. டாமியா ஆல்கஹாலை ஏற்கும். வலேஹோ கம்பெனியின் பெயிண்டில் ஆல்கஹாலை விட்டால் கட்டி தட்டும், அதற்கு அதன் சொந்தத் தின்னர் அல்லது தண்ணீர்தான்.

கடைசியாக, அடித்த பெயிண்ட் சுருங்கித் தோல் உரிவது போல ஆனால், எனாமலுக்கு மேல் லாக்கர் அடித்திருக்கிறீர்கள். லாக்கரின் கரைப்பான் கீழே உள்ள எனாமலைப் பிடித்து இழுக்கிறது. இதைச் சரிசெய்ய வழியில்லை, எடுத்துவிட்டு மறுபடி அடிக்கத்தான் வேண்டும். லாக்கர் கீழே, எனாமல் மேலே என்ற வரிசையைக் காப்பாற்றினால் இது வராது. லாக்கர் எதுவானாலும் ஜன்னலைத் திறந்து, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த முகக்கவசத்தோடு மட்டும் அடியுங்கள். துணி மாஸ்க் இதற்கு உதவாது.

கையால் தூரிகை பிடித்து அடிக்கிறவர்களுக்குப் பிரச்சினை இரண்டே இரண்டு: கோடு கோடாகத் தெரிவது, இரண்டாம் பூச்சு முதல் பூச்சைப் பிய்த்துக்கொண்டு வருவது. தட்டையான மெல்லிய பிரஷ், நீர்க்கக் கலந்த பெயிண்ட், ஒரே திசையில் இழுப்பு, அடித்த இடத்துக்குத் திரும்பாமை. இரண்டு பூச்சுக்கு நடுவே ஒரு நாள் விடுங்கள். தூரிகைக்கு டாமியா அக்ரிலிக்கைவிட வலேஹோவோ ஹம்ப்ரால் எனாமலோ நன்றாக வளைந்துகொடுக்கும்.

நிறம் எங்கோ தப்பாகத் தெரிகிறது

மேலே டார்க் எர்த் பழுப்பும் டார்க் கிரீன் பச்சையும், கீழே ஸ்கை. ஹம்ப்ராலில் 29, 30, 90 என்ற எண்கள். இவை சரியாக இருந்தும் தப்பாகத் தெரிந்தால் மூன்று இடத்தில் தேடுங்கள்.

ஸ்கை என்ற பெயரைக் கேட்டு வான நீலம் வாங்கியிருக்கலாம். பிரிட்டிஷ் விமானப் படையின் ஸ்கை வெளிறிய பச்சை கலந்த நிறம். 1940 ஜூனில்தான் போர் விமானங்களின் அடிப்பக்கத்துக்கு அது உத்தரவாக வந்தது. அப்போது பெயிண்ட் தட்டுப்பாட்டால் கிடைத்ததைக் கலந்து அடித்திருக்கிறார்கள். ஆகவே அந்த மாதங்களுக்குச் சற்று நீலம் கலந்த ஸ்கை அடித்தாலும் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்தது காலம். 1940 மே மாதத்து விமானம் என்றால் அடிப்பக்கத்தில் இடது இறக்கை கறுப்பு, வலது இறக்கை வெள்ளை. வால் பக்கம் ஸ்கை நிறப் பட்டையும் ஸ்கை நிற ஸ்பின்னரும் (முன் விசிறியின் மூக்கு) 1940 நவம்பர் இறுதியில்தான் வந்தன. ஆகஸ்ட் மாதத்து விமானத்துக்கு அந்தப் பட்டையைப் போட்டால் மூன்று மாதம் முந்திவிட்டோம். எந்த மாதம், எந்த எண் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த விமானத்தின் புகைப்படம் ஒன்றையாவது பார்த்துவிட்டு மூடியைத் திறப்பது நல்லது. பச்சைப் பழுப்புத் திட்டுகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வகையில் வந்ததையும் அப்போதே கவனித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சிறிய பொருளில் நிறம் இருண்டு தெரியும். நிஜ நிறத்தை அப்படியே 156 மில்லிமீட்டர் மாடலில் அடித்தால் கரியாகத் தோன்றும். பத்தில் ஒரு பங்கு வெளிர் சாம்பலோ மஞ்சள் கலந்த வெள்ளையோ சேர்த்துக்கொள்ளுங்கள். சுத்த வெள்ளை சேர்த்தால் பச்சை சுண்ணாம்பு அடித்தது போலாகிவிடும்.

டேப்போடு பெயிண்டும் வந்துவிட்டது, அல்லது எல்லையில் வரப்பு நிற்கிறது

டேப்போடு பெயிண்ட் வந்தால் ப்ரைமர் இல்லை, கழுவவில்லை, அல்லது காயவில்லை. உரிந்த இடத்தின் விளிம்பை 1500 பேப்பரால் சரிவாக்கி, ப்ரைமர் தொட்டு மறுபடி அடிக்க வேண்டும். சரிவாக்காமல் அடித்தால் உரிந்த தீவின் கரை என்றைக்கும் தெரியும். டேப்பை ஒட்டும் முன் புறங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பிசுக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், தன் மேலேயே மடங்கி வரும்படி மெதுவாக இழுங்கள்.

வரப்பு நின்றால் டேப்பின் ஓரத்தில் பெயிண்ட் தேங்கியிருக்கிறது. காய்ந்த பிறகு 3000 பேப்பரால் தடவினால் போய்விடும். நிஜத்தில் திட்டுகளின் எல்லை ஓரளவு கூர்மையாகவே இருந்தது, ஆகவே 1/72 அளவில் அதிகம் மங்கவிடாதீர்கள். நான் விரும்புவது ப்ளூடாக்கை (ஒட்டி எடுக்கக்கூடிய களிமண் போன்ற பசை) மெல்லிய கயிறாக உருட்டி எல்லையில் வைத்து, ஏர்பிரஷை நேர் செங்குத்தாகப் பிடித்து அடிப்பது. சாய்த்துப் பிடித்தால் கயிற்றுக்கு அடியில் பெயிண்ட் புகுந்து ஒரு பக்கம் புகைந்திருக்கும்.

டெக்காலைச் சுற்றி வெள்ளி மினுக்கு

கட்டிய உழைப்பையெல்லாம் கடைசி நாளில் கெடுக்கிற கோளாறு இது. மேட் (பளபளப்பில்லாத) பெயிண்டின் பரப்பு பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேடு பள்ளம். டெக்காலின் தெளிவான படலம் மேடுகளின் மேல் நிற்க, பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்கிறது. அந்தக் காற்றுதான் வெளிச்சத்தில் வெள்ளியாகத் தெரிகிறது. டெக்கால் தயாரித்தவரைத் திட்டிப் பயன் இல்லை.

ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, டாமியா எக்ஸ்-22 மாதிரி, அடித்துப் பரப்பை வழவழப்பாக்க வேண்டும். அது நன்றாகக் காய இரண்டு நாள். டெக்காலுக்கென்று விற்கும் திரவங்கள் இரண்டு: ஒட்டும் இடத்தில் நீல லேபிள் மைக்ரோ செட், டெக்கால் அமர்ந்த பிறகு மேலே சிவப்பு லேபிள் மைக்ரோ சால். இரண்டாவதைத் தடவியதும் டெக்கால் சுருங்கிக் கிழவியின் கன்னம் போல ஆகும். பதறித் தொடாதீர்கள். அது மென்மையாகி, பேனல் கோடுகளுக்குள் இறங்குகிறது, காய்ந்ததும் தானே விரிந்து படிந்துவிடும். அந்த நேரத்தில் விரல் வைத்தால் கிழியும்.

ஏற்கெனவே வெள்ளி தெரிந்தால், மெல்லிய ஊசியால் அந்த இடத்தில் பல துளைகள் குத்தி, மைக்ரோ சால் விட்டுக் காயவிடுங்கள். காற்று வெளியேறித் திரவம் உள்ளே போகும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

தண்ணீரில் போட்டதும் டெக்கால் சுக்குநூறாக உடைந்தால் அது பழசு. பழைய கிட் வாங்கினால் தேவையில்லாத ஒரு சிறு எழுத்தை முதலில் நனைத்துப் பாருங்கள். உடைந்தால் மிச்சத் தாள் முழுக்கத் தெளிவான லாக்கர் வார்னிஷோ மைக்ரோஸ்கேலின் திரவப் படலமோ பூசிக் காயவைத்து, ஒவ்வொன்றையும் விளிம்பை ஒட்டிக் கத்தரித்து எடுக்க வேண்டும், ஏனென்றால் இப்போது தாள் முழுதும் ஒரே படலம். மஞ்சளித்துப்போன டெக்காலை ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டிவைத்தால் வெளுத்துத் தெளியும். நம் ஊர் வெயில் இந்த ஒரு வேலைக்கு மிக நல்லது.

டெக்கால் காய்ந்த பிறகு சுற்றிலும் வெள்ளை வளையம் தெரிந்தால் அது தண்ணீரின் உப்பு. போர்வெல் தண்ணீரை விட்டுவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்துங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் டெக்கால் சீக்கிரம் நழுவும்.

சின்னங்களின் இடத்திலும் தடுமாற்றம் வரும். இறக்கையின் மேலே இருப்பது நீலமும் சிவப்பும் மட்டுமான வட்டம். உடலின் பக்கத்தில் இருப்பது வெள்ளையும், சுற்றி மஞ்சளும் சேர்ந்தது. இரண்டையும் மாற்றி ஒட்டிவிட்டுக் காய்ந்த பிறகு கவனித்தால், மைக்ரோ செட் தடவி ஊறவைத்து, மாஸ்கிங் டேப்பால் ஒற்றி உரித்தெடுக்கலாம். அந்த டெக்கால் போய்விடும், கீழே உள்ள பெயிண்ட் தப்பிக்கும். இறக்கையின் முன்விளிம்பில் எட்டு பிரவுனிங் துப்பாக்கித் துளைகளை மூடிய சிவப்புத் துணி ஒட்டுகளுக்கு டெக்கால் கொடுத்திருப்பார்கள். அந்த வளைவில் அது மடிப்பு விழாமல் அமர்வது அபூர்வம். சதுரமாக டேப் வெட்டி ஒட்டிச் சிவப்பு அடித்துவிடுவது சுலபம்.

எந்தப் படைப்பிரிவின் எழுத்துகளைப் போடுவது என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை: 234வது ஸ்குவாட்ரனின் ஏ-இசட். 1940 ஆகஸ்டில் மிடில் வாலப் தளத்திலிருந்து ஸ்பிட்ஃபயர் ஓட்டிச் சண்டையிட்ட அந்தப் பிரிவு, மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போன நன்கொடையின் பெயரால் பின்னர் ‘மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன்’ ஆனது. நம் அலமாரியில் இருக்க வேண்டிய விமானம் என்று எனக்குத் தோன்றும்.

வாஷ் துடைத்தும் போகவில்லை, அல்லது பிளாஸ்டிக் வெடித்தது

பேனல் கோடுகளில் ஓடவிடும் எனாமல் வாஷ் (தண்ணீர் போல நீர்க்கக் கலந்த பெயிண்ட்) மேட் பரப்பில் பட்டால் கறையாகப் படிந்துவிடும். பளபளப்பு வார்னிஷ் மேல் மட்டும் விடுங்கள். வெறும் பிளாஸ்டிக்கில், அதுவும் இறக்கை வேர், சக்கரக் கால் போன்ற இழுவை உள்ள இடங்களில், எனாமல் தின்னர் குளமாகத் தேங்கினால் பிளாஸ்டிக் நொறுங்கி விரிசல் விடும். கொஞ்சமாக விடுங்கள், தேங்கவிடாதீர்கள். விரிசல் விட்ட இடத்தை நன்றாகக் காயவைத்து உடனடிப் பசையால் பிடிக்கலாம்.

கடைசி மேட் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டது

மழைக்காலத்தில், கடலோர ஊர்களில், ஸ்பிரே டப்பாவால் அடித்தால் இது வந்தே தீரும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அங்கே படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. மாடலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். காற்று உலர்ந்த ஒரு நாளிலோ ஏ.சி. அறையிலோ, லாக்கர் வார்னிஷ் என்றால் மெதுவாகக் காயும் லெவலிங் தின்னரைத் தனியாக மென்தூறலாக அடித்தால் வெள்ளை கரைந்துவிடும். வேறு வகை என்றால் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மறைந்துவிடும், காய்ந்ததும் மறுபடி மேட். இதே வெள்ளை திட்டுத் திட்டாக, தூள் போல இருந்தால் ஈரம் காரணமில்லை, பாட்டிலின் அடியில் தங்கிய மேட் தூள் சரியாகக் கலக்கவில்லை. குலுக்குவது போதாது, கிளறுங்கள்.

சக்கரங்கள் கோணல்

ஸ்பிட்ஃபயரின் கால்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை, கொஞ்சம் தப்பினாலும் மாடல் ஒரு பக்கம் சாயும். மெதுவாக இறுகும் பசையால் ஒட்டி, முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்த ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் கால்கள் கீழே போகப்போகச் சற்று விரியும், பக்கத்திலிருந்து பார்த்தால் முன்னோக்கிச் சாயும். சக்கரத்தின் அடியை வாட்டர் பேப்பரில் இரண்டு இழுப்பு தேய்த்துத் தட்டையாக்கினால் விமானத்துக்கு எடை வந்துவிடும். ஒட்டு உடைந்துபோனால் 0.5 மில்லிமீட்டர் துளையிட்டு மெல்லிய கம்பி செருகி ஒட்டுங்கள், வெறும் பசை மறுபடி நிற்காது.

ஏரியல் கம்பி தொய்கிறது

கம்பத்திலிருந்து வாலின் உச்சிக்குப் போகும் கம்பியை எல்லா மார்க் 1-க்கும் போடத் தேவையில்லை. புதிய வி.எச்.எஃப். வானொலி வந்த விமானங்களில் அது கிடையாது, அதையும் புகைப்படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தேவை என்றால், ஸ்ப்ரூவை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, நடுவில் இளகிப் பளபளத்ததும் வெளியே எடுத்து இழுத்தால் முடி போல இழை வரும். இரு முனையிலும் உடனடிப் பசையை ஊசி நுனியால் தொட்டு ஒட்டுங்கள். இழை தொய்ந்திருந்தால், பசை இறுகியதும் ஊதுபத்தியின் கங்கை ஒரு சென்டிமீட்டர் தள்ளி, இழையின் நீளத்துக்கு மெதுவாக நகர்த்துங்கள். சூட்டில் இழை சுருங்கி விறைப்பாகும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அறுந்துவிடும், கனோபிக்குப் பக்கத்தில் கங்கைக் கொண்டுபோகவே வேண்டாம்.